வளைந்த மிளகாயும் சேர்த்துத்தான்

பச்சை மிளகாயும் சிவப்பு மிளகாயும் இரண்டு வேறு செடிகளில் காய்க்கின்றன என்று என் நாற்பத்தாறாவது வயது வரை நம்பியிருந்தேன். அறியாமைக்காக நான் வெட்கப்படவில்லை. மும்பை மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மிளகாய் என்பது காய்கறிக்காரர் கொத்தமல்லியோடு சேர்த்துப் பையில் எறிவது. அதற்கு முந்தைய வரலாறு அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. வெட்கம் வேறிடத்தில் இருக்கிறது. அப்போது என் விசிட்டிங் கார்டில் 'வேளாண் மற்றும் உணவு பதப்படுத்தும் தொழில் முதலீட்டு ஆலோசகர்' என்று மூன்று மொழியில் அச்சடித்திருந்தது.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கத்தில் ஒரு மிளகாய்த் தோட்டம். கண்ணுக்கெட்டிய வரை பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த விவசாயிகள் சங்கத்துச் சேர்மன் பாவுவிடம் (பாவு என்றால் அண்ணன்), "சிவப்பு ரகத்தை எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். அவர் பண்பான மனிதர். சிரிக்கவில்லை. "இங்கேயே பதினைந்து நாள் நில்லுங்கள் சாகேப், அதுவாகவே வரும்" என்றார். என்னோடு தாராவியிலிருந்து வந்திருந்த செக்ரட்டரி அக்காவுக்கு அவ்வளவு பண்பு இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எப்பா, பழுத்தா சிவப்பு தம்பி. இது தெரியாமயா எங்க தலையெழுத்த எழுத வந்திய?" என்றார். அதுவரை என்னை 'சார்' என்றே அழைத்து வந்தவர். தம்பி ஆனது அந்த வரப்பில்தான். ஒரு மனிதன் தன் முட்டாள்தனத்தால் சம்பாதித்த உறவுகளில் இது உயர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சந்தில் பதினான்கு பெண்கள் சேர்ந்து நடத்திய சேமிப்புக் குழுவுக்கு அவர் செக்ரட்டரி. குழுவின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாமல் போய், பதவி மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது. பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் செக்ரட்டரி அக்காதான். பை தைக்கும் பட்டறை ஒன்றின் மொட்டைமாடியை வாடகைக்கு எடுத்து, அந்தப் பதினான்கு பேரும் மோர் மிளகாய் போட்டு வந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் கடைகளிலும் செம்பூரிலும் சான்பாடாவிலும் அவர்கள் சரக்கு போகும். லேபிள் கிடையாது, கடைக்காரர் 'தாராவி மிளகாய்' என்று சொல்லி எடை போடுவார்.

மோர் மிளகாய் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அது எப்படி வருகிறது என்பதை, மேற்படி விசிட்டிங் கார்டுக்குரியவரைப் போலவே, பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். சாயங்காலம் அதே மோருக்குள் திரும்பப் போட வேண்டும். மறுநாள் மறுபடி வெயில், மறுபடி மோர். பானையில் மோர் என்று ஒன்றும் மிச்சமில்லாமல் அத்தனையையும் மிளகாய் குடித்து முடிக்கும் வரை இந்தப் போக்கும் வரத்தும் நடக்கும். அந்த மாடியில் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பரப்புபவர் வேறு, புரட்டுபவர் வேறு. மேகம் கறுத்தால் யார் முதலில் ஏணி ஏறுவது, யார் எந்தத் தார்ப்பாயைப் பிடிப்பது என்பது வரை பேச்சில்லாமல் நடக்கும். எங்கள் அலுவலகத்தில் தீப்பிடித்தால்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது என்று அப்போதே நினைத்தேன். அது உண்மையாகவே சோதிக்கப்படும் என்று தெரியாது. இவர்களைத்தான் நான் அறிக்கையில் 'அமைப்புசாராத் துறை' என்று எழுதியிருந்தேன்.

அவர்களுக்கு முதலீடு தேவைப்பட்டதற்குக் காரணம் பேராசை அல்ல, மாடி. தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று கதவுக்குக் கதவு எண் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்த காலம். வீட்டுக்கு ஒரு எண், கடைக்கு ஒரு எண். மொட்டைமாடிக்குக் கதவு ஏது? எண் இல்லாத இடத்தில் நடக்கும் தொழிலும் இல்லாததுதான். கட்டட உரிமையாளர் அடுத்த கோடைக்கு மாடி கிடையாது என்று சொல்லிவிட்டார். வேறு இடம் பார்க்காவிட்டால் பதினான்கு பேரும் பழையபடி பாத்திரம் தேய்க்கவும் பட்டன் வைக்கவும் போக வேண்டியதுதான். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே: வெயில் விழுகிற ஒரு சொந்தத் தரை. அது அந்தப் பதினான்கு பேர் பெயரிலும் இருக்க வேண்டும்.

விவசாயத்தையும் உணவுத் தொழிலையும் சேர்த்து முதலீடு செய்யும் ஒரு நிதி நிறுவனம் அப்போது எங்களிடம் 'நல்ல கதை' ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. விவசாயிகள், பெண்கள், தாராவி என்று மூன்றும் ஒரே மிளகாயில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது பக்கத்தில் ஒரு திட்ட அறிக்கை எழுதினேன். நவி மும்பையில் தொழிற்சாலை. அங்கே ஒரு எந்திரம், மிளகாயைப் பதினெட்டு மணி நேரத்தில் உலர்த்திவிடும். மோர்? பால்பவுடர், தண்ணீர், கொஞ்சம் அமிலம். சாயங்காலம் திரும்ப மோரில் போடுவதை 'தவிர்க்கத்தக்க இரட்டை வேலை' என்று குறிப்பிட்டு நீக்கியிருந்தேன். அந்த வாக்கியத்துக்காக என் மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

அக்கா வேறு விதமாகக் கணக்குப் போடுகிறவர் என்பதை அந்த ஜுன்னர் பயணத்திலேயே பார்த்தேன். வியாபாரிகள் தோட்டத்துக்கு வந்தால் நேரான, ஒரே நீளமான காய்களை எடுத்துக்கொண்டு வளைந்ததையும் குட்டையானதையும் கழித்துவிடுவார்கள். அக்கா மட்டும் பறித்த மொத்தத்தையும் எடுப்பார். பேரம் பேசுவார், கடுமையாகப் பேசுவார்; ஆனால் பொறுக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். "பிள்ளையள பொறுக்கியா பள்ளிக்கூடத்துல சேக்காவ?" என்றார். இதைக் கேட்டு நான் நெகிழ்ந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்தபோது, "எழுதாதீய தம்பி, அது சும்மா சொன்னது. வளைஞ்சதுல மோர் நல்லாத் தங்கும், ருசி அதுலதான். அத அவாள்ட்ட சொன்னா வெலைய ஏத்திருவாவ" என்று சேர்மன் பாவுவைக் கண்ணால் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதில் இருவரும் நிம்மதியடைந்தோம்.

முதலீட்டு நிறுவனத்தின் துணைத்தலைவர் எங்கள் செம்பூர் அலுவலகத்துக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கெட்டவர் அல்ல, இந்தக் கதையில் கெட்டவர் என்று தேடினால் கடைசியில் என் கையெழுத்துத்தான் அகப்படும். எந்திரம் விற்பவரிடம் கொடுத்து உலர்த்திய மிளகாயை ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தேன். ஒப்பிடுவதற்கு அக்காவையும் அவருடைய சரக்கோடு வரச் சொல்லியிருந்தேன். அவர் மிளகாயோடு தயிர்சாதமும் ஒரு சிறிய வாணலியும் எண்ணெயும் கொண்டு வந்துவிட்டார். மோர் மிளகாயைப் பொரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்பது அவர் வாதம். நியாயம்தானே என்று, ஏழாவது மாடியில், ஜன்னல் திறக்காத, ஏ.சி. போட்ட கண்ணாடிக் கட்டடத்தில், எங்கள் டீ அறை மின்னடுப்பை நானே போட்டுக் கொடுத்தேன்.

மிளகாய் பொரித்தால் அடுத்த வீட்டுக்காரர் தும்முவார் என்று எந்தத் தமிழ் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அறிக்கை எழுதி எழுதி, தெரிந்ததைப் பயன்படுத்தும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதலில் எந்திர மிளகாய் எண்ணெயில் விழுந்தது. மோர் உள்ளே போகாத மிளகாய். அதன் காரம் முழுவதும் வெளியே வரத் தயாராகக் காத்திருந்தது. இரண்டு நிமிடத்தில் வரவேற்பறைப் பெண் இருமினாள். மூன்றாவது நிமிடத்தில் மொத்த மாடியும் இருமியது. நான்காவது நிமிடம் புகை அலாரம் அலறியது. ஏழு மாடிக்காரர்களும், மேலே உள்ள ஒரு காப்பீட்டுக் கம்பெனியும், கீழே உள்ள பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து கிடந்தவர்களும் படிக்கட்டில் இறங்கி கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். எல்லாருக்கும் பின்னால், நிதானமாக, மூடிய வாணலி ஒரு கையிலும் தூக்குச்சட்டி மறு கையிலுமாக அக்கா இறங்கி வந்தார். அவருடைய மிளகாயை எப்போது பொரித்தார் என்று தெரியவில்லை. அலாரம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் பொரித்திருக்க வேண்டும்.

துணைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அக்கா பம்பாய் இந்தியில், "பேட்டா, பஹ்லே காவோ, பாத் மே போலோ" என்று முதலில் சாப்பிடச் சொல்லி, தூக்குச்சட்டியின் மூடியில் தயிர்சாதமும் ஒரு மிளகாயும் வைத்து நீட்டினார். அவர் கடித்தார். வளைந்த மிளகாய். கண்ணை மூடினார். இன்னொன்று கேட்டார். வாட்ச்மேன் கேட்டார், பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏக்கத்தோடு பார்த்தார். மூன்றாவது மிளகாயை முடித்துவிட்டு துணைத்தலைவர் என் தோளைத் தட்டி, ஆங்கிலத்தில், "பணம் போடுகிறோம்" என்று தொடங்கி நீளமாகப் பேசினார்.

அங்கேயே வணக்கம் போட்டிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்து, "என்ன சொல்லுதாவ?" என்றார். சொன்னேன். "அவ்வளவுதானா? அவ்வளவு நேரம் பேசினாவளே. முழுசா சொல்லுங்க தம்பி, எண்ணெய் தடவாம."

எண்ணெய் தடவாமல் சொன்னேன். பணம் போடுவார்கள். ஆனால் எந்திரம்தான், இந்த ருசியை மசாலாத் தூளாகப் பிறகு மேலே தெளித்துக்கொள்ளலாம். வளைந்தது பாக்கெட் படத்துக்கு ஒத்துவராது என்பதால் நேரான மிளகாய் மட்டும்தான் வாங்க வேண்டும். பதினான்கு பேருக்கும் வேலை உண்டு, தினக்கூலிக்கு, பங்கு கிடையாது. ஐந்தாவது வருஷம் கம்பெனியைப் பெரிய கம்பெனி எதற்காவது விற்றுவிடுவார்கள்.

"இத யாரு எழுதுனது? அவாளா?"

துணைத்தலைவர் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் என் அறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. முதலீட்டாளர் கேட்பதற்கு முன்பே அவர் கேட்கக்கூடியதை எழுதிவைப்பது எங்கள் தொழிலின் நயம். அந்தப் பக்கத்தை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டாமல் புரட்டியிருந்தேன். "நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் தூக்குச்சட்டி மூடியை வாங்கித் துடைத்து அழுத்தி மூடினார். பிறகு சொன்னார்: "சார், அவாள்ட்ட சொல்லுங்க. பிள்ள பொறக்கும் முன்னயே எந்த வருஷம் விப்பியன்னு கேக்கவுகளுக்கு நாங்க பெத்துக் குடுக்கதா இல்ல. வெயிலு அவுக அப்பன் வீட்டுதா? பதினாலு பேரும் பங்குக்காரியளா இருந்தா வாங்க, பேசுவோம். இல்லன்னா ரோட்டுல காயப் போடுதோம். கூலிக்குப் போடமாட்டோம்." மறுபடி சார் ஆகிவிட்டேன். மொழிபெயர்த்தேன்; வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வார்த்தையைக்கூட மெழுகாமல் மொழிபெயர்த்தேன். துணைத்தலைவர், யோசித்துச் சொல்லலாமே, இப்படி வாய்ப்பு திரும்ப வராது என்றார். அக்காவுக்கு அந்த ஆங்கிலம் புரிந்துவிட்டது. "வராட்டா போகுது சவம்" என்றபடி வாணலியோடு கேட்டைத் தாண்டி நடந்தார்.

இதற்குப் பிறகு நான் வேலையை உதறினேன் என்று எழுதினால் வாசகர்கள் என்னை விரும்புவார்கள். உதறவில்லை, அரை நாள் லீவு போட்டேன். தாராவிக்குப் போய் அந்த மாடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அக்கா மிளகாயைப் புரட்டிக்கொண்டே, "அழிக்க எழுதுனவரு ஆக்க எழுதுங்களேன். கை அதே கைதான?" என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் இன்னும் சார்தான் என்பது தெளிவாக இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை ஒன்பதே பக்கம். அதில் ஒவ்வொரு வரியையும் அவர் தமிழில் சொல்ல வைத்துக் கேட்டு, இரண்டு பக்கத்தைக் கிழித்தார்.

இடத்தைச் சொன்னதும் அவர்தான். பால்பவுடர் கலக்கித் தொழிற்சாலை வைக்க முதல் அறிக்கையில் நான் நவி மும்பைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் தேடியிருந்தேன். அவர், மிளகாய் ஜுன்னரில், மாடும் மோரும் ஜுன்னரில், வெயிலும் ஜுன்னரில், நாம் மட்டும் எதற்கு இங்கே என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் இந்த ஒரு பாடத்தை இரண்டு பருவம் நடத்துகிறார்கள். சேர்மன் பாவுவின் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு காலிக் கோழிப்பண்ணை இருந்தது. சிமென்ட் தரை, முன்னால் திறந்த களம். விவசாயிகள் ஏறக்குறைய பாதி, பதினான்கு பெண்கள் ஏறக்குறைய பாதி என்று ஒரு கம்பெனியாகப் பதிந்தோம். கூட்டுறவு வங்கி ஒன்று முனகிக்கொண்டே கடன் கொடுத்தது. என் பிராயச்சித்தமாக நானும் ஒரு சிறு பங்கு போட்டேன். நான்கு பேராக முறை வைத்து, மால்சேஜ் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டே சிவப்பு அரசு பஸ்ஸில் போய் இரண்டு வாரம் தங்குவார்கள். மற்றவர்கள் மும்பையில் பாக்கெட் போட்டு விற்பார்கள். கோழி வாடை போக ஒரு மாதம் கழுவினார்கள். எந்திரம் எதையும் நான் பரிந்துரைக்கவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது மூன்றாவது கோடை. தாராவி மாடிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. என் துறை நண்பர்கள் என்னைக் கண்டால், "இன்னும் அந்தக் கோழிக் கொட்டகைதானா? விரிவாக்கம் எங்கே?" என்று அன்போடு விசாரிக்கிறார்கள். ஆமாம், அதே கொட்டகைதான். போன வருஷம் மே மாதம் பெய்த மழையில் பாதிச் சரக்கு பூசணம் பிடித்துக் குழிக்குள் போனது. லாபம் வரவில்லை. மூடவும் இல்லை. யாரும் கூலிக்குப் போகவில்லை. வளைந்த மிளகாயை இன்றும் யாரும் கழிப்பதில்லை. வளரும் நாடு, வளரும் நாடு என்று நாற்பது கருத்தரங்கில் பேசியவன் நான். வளர்ந்தது என்று அடையாளம் காட்டச் சொன்னால், லாபமில்லாத அந்தத் தரையைத்தான் காட்டுவேன். எனக்கு வேண்டாதவர்கள் இதை நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அவர்களிடம் அதற்கென்று அழகான படிவங்கள் உண்டு. சிலவற்றை நானே தயாரித்தேன்.

கம்பெனிக்கு அக்கா போட்ட விதி ஒன்று உண்டு. பங்கு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வருஷத்தில் ஒரு நாளாவது களத்தில் வேலை செய்ய வேண்டும். "பங்கு போட்ட கையும் எரியணும்லா" என்பது அவர் விளக்கம். சேர்மன் பாவு பரப்புவார். வங்கிக்காரரையும் ஒரு பங்கு வாங்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவர் உஷாராகிவிட்டார். போன மாதம் என் முறை. மிளகாயை மோரில் போடுமுன் கீறிக் கொடுக்கும் வேலை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் வெயில் சாயும் வரை எழுந்திருக்கவில்லை. விரல் எரிந்தது, தெரியாமல் தேய்த்த கண் எரிந்தது, மூக்கு ஏன் எரிந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரு முதலீட்டை முதல் முறையாகக் கையால் தொட்டிருக்கிறேன் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். மராத்திக்காரப் பெண், என்னைப் பார்த்து இரக்கத்தோடு தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் அக்கா வந்தார். என் முன்னால் குவிந்திருந்ததை ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். காம்பு வரைக்கும் கீறியிருந்தேன். அத்தனை மிளகாயும் இரண்டாகப் பிளந்து, விதை தனியாக உதிர்ந்து கிடந்தது. கீறல் பாதியோடு நிற்க வேண்டுமாம். அவர் பிடியைக் குவியலிலேயே போட்டுவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, தம்பி கீறுனத தனியா எடுத்து வைங்க. மாட்டுக்கும் போட்டுராதீய, அது நாளைக்குப் பால் தரணும்."